மடு வற்றும் வரை

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. பாதி வருஷம் அது ஆறு, மீதி வருஷம் வெறும் மணல். மணலாகக் கிடக்கும் காலத்தில்தான் மிருகங்களுக்குத் தாகம் அதிகம். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள் பிள்ளைகளே, அந்தக் காட்டைக் கேளுங்கள்.

அந்த ஆற்றங்கரையில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தான். மனைவி வெள்ளாச்சி. குட்டிகள் இரண்டு. கூரனுக்குத் தெரிந்த வேலை தோண்டுவது ஒன்றுதான். அதை அவனைப் போலச் செய்ய அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

அவன் கரடி முதலாளியிடம் கிழங்கு தோண்டும் வேலை பார்த்தான். இருட்டியதும் போக வேண்டும், விடிந்ததும் வீட்டுக்கு வரலாம். பேச்சு அப்படித்தான். கரடி அதைப் பேசியதோடு சரி.

"கூரா, வெயில் இன்னும் வரலையே. அந்தப் பாறை ஓரத்தை மட்டும் தோண்டிட்டுப் போ."

பாறை ஓரம் முடிந்தால் மூங்கில் ஓரம். மூங்கில் ஓரம் முடிந்தால், "இவ்வளவு நேரம் ஆயிடுச்சு, இனிமே வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறே?"

பெரிய கிழங்கெல்லாம் கரடிக்கு. உடைந்தது, சூம்பியது, புழு கடித்தது கூரனுக்கு. அதிலும் பாதியைத் தின்று பாதியைக் கூரன் வளையில் சேர்த்தான். வளைக்குள் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. வருஷக்கணக்காகச் சேர்த்ததில் இரண்டும் நிறைந்தன.

ஆனால் கூரன் தேய்ந்துபோனான். முள் உதிர ஆரம்பித்தது. அவன் போன வழியைக் கண்டுபிடிக்க மோப்பம் பிடிக்க வேண்டாம், கிடக்கும் முள்ளைப் பார்த்தால் போதும். படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் தூக்கத்தில் முன்னங்கால் இரண்டும் தோண்டிக்கொண்டே இருக்கும்.

"ஏங்க, நேத்து என் காதைத் தோண்டிட்டீங்க" என்றாள் வெள்ளாச்சி.

"கிழங்குன்னு நினைச்சேன்."

"என் காது கிழங்கு மாதிரியா இருக்கு?"

முன்பெல்லாம் இதற்குக் கூரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போது எழுந்து வேலைக்குப் போனான்.

ஒரு விடியற்காலையில் அவன் ஒரு குழியைத் தோண்டினான், மூடினான், மறுபடி அதையே தோண்டினான். கரடி வந்து பார்த்தது.

"என்னடா பண்றே?"

"தோண்டுறேன் முதலாளி."

"இதைத்தானே இப்ப மூடினே?"

கூரன் குழியைப் பார்த்தான். மூடியது அவனுக்கு ஞாபகமே இல்லை.

"புத்தி கெட்டுப் போச்சு உனக்கு. இன்னிக்குக் கூலி கிடையாது" என்றது கரடி.

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் என்ன செய்யும்? முதுகைத் திருப்பி முள்ளை விரிக்கும். புலியே ஒதுங்கிப் போகும். கூரன் முதுகைத் திருப்பினான். முள் எழவில்லை. இருந்த கொஞ்ச முள்ளும் நனைந்த புல்லைப் போலப் படுத்தே கிடந்தது.

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கூரன் திருப்பிய முதுகோடு அப்படியே நடந்தான். நேரே வளைக்கு வந்தான்.

"வேலையை விட்டுட்டேன்" என்றான்.

வெள்ளாச்சி அவன் முதுகைப் பார்த்தாள். "சாப்பிடுங்க. அப்புறம் படுங்க" என்றாள்.

கூரன் படுத்தான். எழுந்தான். வளை வாசலுக்குப் போனான். திரும்பி வந்து படுத்தான். முன்னறைக் கிழங்கு குறைவதைப் பார்த்து முணுமுணுத்தான். "சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கும் கிழங்கு செலவாகுதே."

"ஆகட்டும். உடம்பு தேறாம எதைத் தோண்டப் போறீங்க?"

மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. கால்கள் தூக்கத்தில் தோண்டுவதை நிறுத்தின. ஆனால் மனசு நிற்கவில்லை. ஒரு நாள் அந்தி வேளையில் அவன் ஆற்று மணலில் நடந்துகொண்டிருந்தான்.

ஆற்றின் ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அதுதான் மடு. காடு முழுக்க அங்கேதான் குடித்தது. மான் தள்ள, முயல் நசுங்க, மயில் கத்த, ஒரே கலவரம். தண்ணீரும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது.

கூரன் காலால் மணலைக் கீறினான். மேலே சூடு. கொஞ்சம் கீழே குளிர்ச்சி. இன்னும் கீழே ஈரம்.

ஓடினான் வளைக்கு.

"வெள்ளாச்சி, ஊற்று போடப் போறேன். மடு வத்தினதும் எல்லாரும் நம்மகிட்டதான் வருவாங்க. ஆளுக்கு ஒரு பழமோ கிழங்கோ வெச்சுட்டுக் குடிக்கட்டும். யாருக்கும் கை கட்டி நிக்க வேண்டாம்."

வெள்ளாச்சி யோசித்தாள். "நல்ல வேலைதான். ஆனா மடு எப்ப வத்தும்?"

"வத்தும்."

"அதான் எப்ப?"

 கூரன் கோபப்பட்டான். பதில் இல்லாதவர்கள் அப்படித்தான்.

மறுநாளே கீரி வந்து சேர்ந்தது. அது அந்தக் காட்டின் தரகர். அங்கே ஒரு வழக்கம் உண்டு: ஆற்று மணலில் எவன் முதலில் உடம்பைத் தேய்த்துத் தன் வாசனையை வைக்கிறானோ, அந்தக் கோடை முழுக்க அந்த இடம் அவனுடையது. வருஷா வருஷம் யானைகள் ஊற்று தோண்டிக் குடிக்கும் வளைவு ஒன்று இருந்தது. இந்த வருஷம் யானைகள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன என்று தெரிந்ததும் கீரி ஓடிப்போய் அங்கே புரண்டுவிட்டது. கீரிக்கு ஊற்று தோண்டத் தெரியாது. விற்கத் தெரியும்.

"அண்ணே, யானை வளைவு. உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்" என்றது கீரி. "அங்க தண்ணி எப்படி இருக்கும் தெரியுமில்ல?"

"தெரியும். என்ன கேக்கறே?"

"உங்க வளையில ரெண்டு அறைக் கிழங்கு இருக்காமே."

"இருக்கு."

"அதைக் கொடுங்க."

"ரெண்டுமா?"

"பெரிய இடம் அண்ணே. சின்னதாக் கொடுத்தா சின்ன இடம்தான் கிடைக்கும். நீங்க யோசிக்கிற நேரத்துல காட்டுப்பன்றி கொம்பையன் வந்து நிக்கிறார். அவரும் கரடிகிட்ட இருந்து விலகிட்டார். அவரும் சேர்த்து வெச்சிருக்கார்."

கூரனுக்கு உள்ளங்கால் அரித்தது. யானை வளைவில் தான் உட்கார்ந்திருப்பதும், கரடியே பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. "சரி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான்.

உள்ளேயிருந்து வெள்ளாச்சியின் குரல் வந்தது. "மடு எப்ப வத்தும்னு அவரைக் கேட்டீங்களா?"

"அமாவாசைக்குள்ள வத்திடும் அண்ணி" என்றது கீரி.

"நிச்சயமா?"

"என் வால் மேல சத்தியம்."

கூரன் திறந்த வாயை மூடினான். இத்தனை வருஷம் கரடி சொன்ன பேச்சையெல்லாம் நம்பி ஏமாந்தவன் அவன். இந்தப் பேச்சை மட்டும் ஏன் உரசிப் பார்க்காமல் வாங்க வேண்டும்?

"தம்பி, ஒண்ணு செய்" என்றான். "முன்னறையில பாதி இப்பவே எடுத்துக்கோ. மீதியை அமாவாசை கழிச்சு வாங்கிக்கோ. மடு வத்தி எனக்கு வர்றதுல பாதி, இந்தக் கோடை முடியும் வரை உனக்கு. நீ கேட்டதை விட அதிகமாவே வரும்."

கீரி காதைச் சொறிந்தது. "அப்படி வழக்கம் இல்லை அண்ணே."

"வழக்கத்தை விடு. லாபம்தானே?"

"லாபம்தான். இருந்தாலும் கையில வந்தாத்தானே..."

"அமாவாசைக்குள்ள வந்துடும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். நடுவுல ஒரு கோடை மழை கிழை வந்து மடு நிறைஞ்சுட்டா?"

"ஓ" என்றான் கூரன். "எனக்கு விக்கும்போது நிச்சயம். உனக்குன்னு வந்ததும் மழை பெய்யுதா?"

கீரி வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. நேரே கொம்பையனிடம் போனது. கொம்பையன் பேரமே பேசவில்லை. தான் சேர்த்த கிழங்கு அத்தனையையும், கடைசிச் சூம்பல் வரை, கீரியின் காலடியில் கொட்டிவிட்டு யானை வளைவுக்கு நடந்தான்.

போகும் வழியில் கூரனைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மச்சான், பயந்துட்டியாமே? முதுகுல முள்ளு இல்லாட்டியும் பரவாயில்லை, மனசுல கொஞ்சம் இருக்கணும்."

கூரனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கொம்பையனிடம் அவன் கேட்டது வேறு. "இன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிடுவே?"

"ராஜா மாதிரி சாப்பிடுவேன், மடு வத்தட்டும்" என்றான் கொம்பையன்.

ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் வேர் ஓடிய மணல். யாரும் அதில் புரளவில்லை. கூரன் போய்ப் புரண்டான். இடத்துக்குச் செலவு இல்லை. ஆனால் தோண்டும் மணலை அள்ளிப்போக ஆள் வேண்டும். பெருச்சாளிகள் வந்தன. கூலி கிழங்கு.

வெள்ளாச்சி அன்றே பின்னறை வாசலை, தினப்படி கிழங்கு எடுக்க ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டு, ஈர மண் குழைத்து அடைத்தாள். வாலால் தட்டித் தட்டி மெழுகினாள்.

"முன்னறையை எடுத்து என்ன வேணா பண்ணுங்க. ஊற்று வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பின்னறை நம்ம வயிறு. மழைக்காலம் வந்து மண் இளகி, வேற கிழங்கு கிடைக்கிற வரைக்கும் இந்தக் குட்டிங்க அதைத்தான் தின்னணும். இதுல கை வெக்கக் கூடாது."

"சரி" என்றான் கூரன். அன்றைக்கு அந்தச் சொல் சுலபமாக வந்தது.

தோண்டினான். எப்படித் தோண்டினான்? கிழங்குக்குத் தோண்டுவானே, அப்படி. நேராக, செங்குத்தாக, கிணறு மாதிரி. இத்தனை வருஷம் கெட்டி மண்ணில் தோண்டிய கால்கள் அவை. அவற்றுக்கு வேறு விதம் தெரியாது. மணல் கெட்டி மண் இல்லை என்பதை யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை.

ஈரம் கண்டது. இன்னும் கொஞ்சம் போனால் தண்ணீர். கூரன் தலைகீழாக இறங்கினான். அப்போது நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சரிந்தது.

பெருச்சாளிகள் பின்னங்காலைப் பிடித்து இழுத்தன. மூக்கெல்லாம் மணல், வாயெல்லாம் மணல். குழி இருந்த இடத்தில் குழி இல்லை. முன்னறையில் பாதி கூலியாகப் போயிருந்தது. காட்டுவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இருமிக்கொண்டே நிமிர்ந்தால் எதிரே கீரி.

"அடடா, இந்த இடம் அப்படித்தான் அண்ணே. வேர் மணல் நிக்காது. யானை வளைவுல கொம்பையன் ஊற்று நிறைஞ்சு நிக்குது, பார்த்தீங்களா? அகலமான குழி, ஆழமான தண்ணி. அவர் சம்மதிச்சுட்டார், ஓரமா ஒரு இடம் உங்களுக்குத் தரேன். பின்னறை மட்டும் கொடுங்க. இப்பவே."

வெயில் உச்சியில் இருந்தது. நல்ல முள்ளம்பன்றிகள் தூங்கும் நேரம். கூரன் வளைக்குள் புகுந்து நேரே பின்னறை வாசலைப் பிறாண்டினான்.

மெழுகிய மண்ணில் முதல் கீறல் விழுந்ததும் வெள்ளாச்சி எழுந்தாள். வாசலுக்குக் குறுக்கே முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். அவள் முள் ஒன்றுகூட உதிரவில்லை. அத்தனையும் சடசடவென்று விரிந்தது.

"நகரு" என்றான் கூரன்.

"மாட்டேன்."

"எல்லாம் போச்சு வெள்ளாச்சி. இப்ப விட்டா கொம்பையன் ஒருத்தனே காட்டை ஆளுவான். நான் மறுபடி கரடி காலடியில போய் நிக்கணுமா?"

"இதையும் கொடுத்தீங்கன்னா கண்டிப்பா நிக்கணும். இது இருக்கிற வரைக்கும் நிக்க வேண்டியதில்லை."

"உனக்குத் தொழிலைப் பத்தி என்ன தெரியும்?"

"பசியைப் பத்தித் தெரியும். வாங்க, முள்ளு மேல கை வெச்சுத் தள்ளிட்டுப் போங்க."

சத்தத்தில் விழித்த குட்டி ஒன்று, "அப்பா, விளையாடறீங்களா?" என்று கேட்டது.

கூரன் வெளியே போய்விட்டான். ஆற்று மணலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். கால் சுட்டது. நிழல் தேடி நாவல் மரத்தடிக்கே திரும்பி வந்து, தன் இடிந்த குழிக்குப் பக்கத்தில் விழுந்தான்.

மூக்குக்கு நேரே ஒரு சின்னக் குழி இருந்தது. நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள், எறும்பு விழுவதற்காகப் புனல் மாதிரி குழி போட்டு, அடியில் ஒளிந்து காத்திருக்குமே குழியானைப் பூச்சி, அதன் குழி. அதே மணல். அதே காற்று. ஒரு மணிகூடச் சரியவில்லை.

கூரன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான். சுவர் எங்கே நேராக இருக்கிறது? எங்குமே இல்லை. எல்லாப் பக்கமும் சரிவு. மேலே அகலம், கீழே குறுக்கம். தானாகச் சரிகிற அளவுக்குச் சரியவிட்டுத்தான் அது தோண்டியிருந்தது.

"மணலுக்கு மணல் மாதிரிதான் தோண்டணும்போல" என்று சொல்லிக்கொண்டு எழுந்தான். மீதி முன்னறையை எடுத்தான். பெருச்சாளிகளைக் கூப்பிட்டான். கூலியைப் பேசிக் குறைத்தான். அதுகளும் சும்மா விடவில்லை.

"போன தடவை உன்னை இழுத்துப் போட்டதுக்கே தனிக் கூலி தரணும்" என்றது ஒரு பெருச்சாளி.

"இழுக்கச் சொன்னது யாரு?"

"அப்ப உள்ளயே விட்டுடறோம் அடுத்த தடவை."

கூரன் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

சரிவாகத் தோண்டினார்கள். விளிம்பில் நாணலைப் படுக்க வைத்துக் கல்லை அடுக்கினார்கள். அடியில் ஒரு கை அளவு தண்ணீர் ஊறியது. யானை வளைவில் பாதிகூட இல்லை. ஆனால் ஊறியது.

யாரும் வரவில்லை.

மடுவில் இன்னும் தண்ணீர் இருந்தது. சும்மா கிடைக்கும்போது எவன் பழத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்? அமாவாசை வந்தது. மடு வற்றவில்லை. அமாவாசை போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? மழை. காலம் தப்பிய கோடை மழை, ஒரே ஒரு நாள், கொட்டித் தீர்த்தது. மடு பாதிக்கு நிறைந்தது. கூரனின் ஊற்றில் வண்டல் இறங்கிச் சேறாகியது.

கூரன் வளைக்குள்ளும் வெளியிலுமாக அலைந்தான். மேகத்தைப் பார்த்தான். மடுவைப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"நீங்க பார்த்தா அது சீக்கிரம் வத்துமா?" என்றாள் வெள்ளாச்சி.

"ஊற்றைத் தூர் வாரணும். கூலிக்குக் கிழங்கு இல்லை."

 வெள்ளாச்சியின் மூக்கு எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. மழை ஈரம் வளைக்குள் இறங்கியிருந்தது. அடைத்த பின்னறையிலிருந்து பச்சை வாசனை வந்தது.

அவளே போய் வாசலை உடைத்தாள்.

"தொடக் கூடாதுன்னு சொன்னியே" என்றான் கூரன்.

"முளை விடுது. அப்படியே வெச்சா எல்லாம் முளைச்சு, கசந்து, கோதாப் போயிடும். பூட்டி வெச்சா மட்டும் நிக்கும்னு நானும் நினைச்சேன், நிக்காதுபோல."

ஒவ்வொரு கிழங்காக எடுத்து முகர்ந்தாள். முளை விட்டது ஒரு பக்கம், விடாதது ஒரு பக்கம். சிலவற்றை அந்தப் பக்கம் வைத்து, யோசித்து, இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். முளை விடாத குவியலைக் குட்டிகள் தின்னும் அளவோடு மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்துத் தின்றால் மழைக்காலம் வரை வரும். மிச்சம் இருக்காது, ஆனால் வரும்.

"முளை விட்டதெல்லாம் உங்களுக்கு. போய்த் தூர் வாருங்க" என்றாள். "மத்ததை மறுபடி அடைக்கிறேன். இதுக்கு மேல கேட்டு வராதீங்க."

பெருச்சாளிகளுக்கு முளைக்கிழங்கு என்றால் உயிர். ஒரே மூச்சில் தூர் வாரிவிட்டன.

அந்த வாரம் கொம்பையன் வந்தான். கொழுத்திருந்த பன்றி விலா எலும்பு தெரிய வந்து நின்றான். நிற்கும்போதே கால் மாற்றி மாற்றி நின்றான்.

"என் ஊற்றுத் தண்ணி எப்படி இருக்கு தெரியுமா மச்சான்? இளநி தோத்துடும்."

"சாப்பிட்டியா?"

"தண்ணி குடிச்சேன்."

"அதைக் கேக்கலை."

"மரப்பட்டை கொஞ்சம் கடிச்சேன். விடு, மடு இன்னிக்கோ நாளைக்கோ."

கூரன் தன் பங்குக் கிழங்கை எடுத்து முன்னால் வைத்தான். கொம்பையன் அதை மெல்லவே இல்லை, விழுங்கினான். மடுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மான்கள் நிதானமாகக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வீட்டில் தன் நாலு குட்டிகள் பசியோடு கிடப்பதைச் சொன்னான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல எழுந்து போய்விட்டான்.

போனவன் நேரே கரடியிடம் போனான்.

"வா கொம்பையா, வருவேன்னு தெரியும்" என்றது கரடி. "உனக்கும் குட்டிகளுக்கும் தினம் சாப்பாடு போடறேன். யானை வளைவையும் ஊற்றையும் எனக்கு விட்டுடு. நீ பழையபடி தோண்டு."

கொம்பையன் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பேரம் பேச வயிற்றில் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

கரடி போய் வளைவில் புரண்டது. அதன் பிறகு சில நாள்தான். வெயில் வெறிகொண்டு அடித்தது. மடு சேறாகி, சேறு வெடித்து, ஒரு காலையில் அங்கே தண்ணீர் இருந்ததற்கு ஒரு தடம்கூட இல்லை.

காடு திரும்பி ஆற்று மணலைப் பார்த்தது.

மான் கூட்டமும் காட்டெருமைகளும் யானை வளைவுக்குப் போயின. அங்கே கரடி உட்கார்ந்துகொண்டு பழத்தை வாங்கிக் குவித்தது. முயல், காடை, மயில், புதுக்குட்டி ஈன்ற மான்கள், கூட்டத்தில் இடிபட முடியாதவர்கள் எல்லாம் நாவல் மரத்தடிக்கு வந்தார்கள். இலந்தைப்பழம் வைத்தார்கள், விளாம்பழம் வைத்தார்கள், வேர் வைத்தார்கள்.

"இது என்ன, பாதி கடிச்ச பழம்?" என்று ஒரு மயிலிடம் சண்டை பிடித்தான் கூரன்.

"உன் தண்ணியும் பாதிதான் இருக்கு" என்றது மயில்.

"சரி, குடி."

முதல் சில நாள் கூரன் இரவும் பகலும் ஊற்றை விட்டு நகரவில்லை. ஒரு மத்தியானம் வெள்ளாச்சி வந்து நின்றாள்.

"கரடி எங்கே?" என்றாள்.

"எந்தக் கரடி? இங்க ஏது கரடி?"

"அப்ப யாருங்க உங்களை விரட்டுறது?"

கூரன் அவளைப் பார்த்தான். ஊற்றைப் பார்த்தான். எழுந்து ஊற்றின் வாய் மேல் முள்ளுச் செடியை இழுத்துப் போட்டுவிட்டு வளைக்குத் தூங்கப் போனான். சாயங்காலம் வரை முயல்கள் முனகிக்கொண்டே காத்திருந்தன. ஒன்றும் செத்துப் போகவில்லை.

கோடை முடியும் தறுவாயில் ஒரு நாள், முதுகு நிறைய மணலோடு கொம்பையன் அந்த வழியாக வந்தான். யானை வளைவில் தூர் வாருவது அவன்தான். இருட்டில் தொடங்கி வெயில் ஏறும் வரை. நாவல் மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினான்.

"குடி" என்றான் கூரன்.

"வைக்க ஒண்ணும் இல்லை மச்சான்."

"குடின்னு சொன்னேன்."

கொம்பையன் குனிந்து குடித்தான். நிமிர்ந்து நாக்கைச் சப்புக்கொட்டினான். "என் ஊற்றுத் தண்ணி இதைவிட இனிப்பு" என்றான்.

"தெரியும். இடம் நல்ல இடம்."

"தோண்டினதும் நல்லாத்தான் தோண்டினேன்."

"ஆமா. என்னை விட நல்லா."

"கீரி ஏமாத்தலை. மடு வத்தத்தான் செஞ்சுது." கொம்பையன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "வீட்டுல ஒரு மூலைக் கிழங்கு மட்டும் விட்டு வெச்சிருந்தேன்னா..."

அந்தப் பேச்சை முடிக்கவில்லை. வளைவுப் பக்கமிருந்து கரடியின் குரல் வந்தது. "கொம்பையா, வெயில் இன்னும் வரலையே. எங்கடா போனே?"

கொம்பையன் முதுகு மணலைக் கரையில் உதறிவிட்டு, தான் தோண்டிய ஊற்றுக்கு வேலைக்குப் போனான்.

நீதி: துணிந்து தொழிலில் போடு, ஆனால் பலன் வரும்வரை உன் வீடு உண்ண வேண்டியதை அதில் போடாதே.